வார்டு வராந்தா: பங்காளிகளும் ஒரு திட்டிவாசலும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று டெல்டா அரசு மருத்துவமனைகளில் 33 வருடம் சுற்றிவிட்டு, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். ஊசி போட்ட கைக்கு எழுத வராது என்றுதான் ஆசிரியரிடம் சொன்னேன். "பேசுகிற மாதிரியே எழுதுங்க" என்றார். இந்த மாதக் கடிதங்கள் எல்லாம் ஒரே சங்கதியைத்தான் சுற்றுகின்றன: மருத்துவமனைக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கிற மனிதர்களோடு எப்படி ஒத்துப்போவது? மூட்டுவலிக்கும் சர்க்கரைக்கும் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுக்கவும்.

கேள்வி: மருத்துவமனை நிர்வாகம் படிக்கிறேன். வகுப்பில் 'ஸ்டேக்ஹோல்டர்' (ஒரு காரியத்தில் சம்பந்தப்பட்ட எல்லோரும்) என்று சொல்லி, நாலு கட்டம் போட்டு, அதிகாரம் எவ்வளவு, அக்கறை எவ்வளவு என்று ஆட்களைப் பிரிக்கச் சொல்கிறார்கள். இதற்குத் தமிழில் என்ன சொல்? நடைமுறையில் அந்தக் கட்டங்கள் உதவுமா?
- மாணவி, தஞ்சாவூர்

பதில்: பங்குதாரர் என்று எழுதுகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. லாபத்தில் பங்கு வாங்க வந்த ஆள் மாதிரி இருக்கிறது. நம் பக்கத்தில் 'பங்காளி' என்று ஒரு சொல் கிடக்கிறதே, அதை எடுத்துக்கொள். சிரிக்காதே. பங்காளி யார்? வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர். மடைத் தண்ணீருக்கு நம்மோடு மல்லுக்கு நிற்பவர். பத்து வருடம் பேச்சுவார்த்தை இருக்காது. ஆனால் அவர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் தீட்டு நமக்கும் உண்டு. அடுப்பில் கொதிக்கிற குழம்பை இறக்கி வைத்துவிட்டுப் போய் நிற்க வேண்டும். மருத்துவமனையிலும் அதே கதைதான். ஒரு நோயாளி போய்விட்டால் டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன், ஆம்புலன்ஸ் டிரைவர், பில் போடுகிறவர், வாசல் வாட்ச்மேன், மேலே உட்கார்ந்திருக்கிற இணை இயக்குநர் வரைக்கும் தீட்டுதான். எனக்குச் சம்பந்தமில்லை என்று ஒருவரும் ஒதுங்க முடியாது.

கட்டங்களைப் பரீட்சையில் தாராளமாகப் போடு. அதிகாரமும் குறைவு, அக்கறையும் குறைவு என்று ஒரு மூலைக் கட்டம் வருமே, அதில் யாரை எழுதுகிறாய் என்று மட்டும் பார்த்துக்கொள். நானும் ஒரு பயிற்சி வகுப்பில் இதைப் போட்டிருக்கிறேன். அந்த மூலையில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களை எழுதினேன். ஆறு மாதம்கூட ஆகவில்லை. இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்று ஒரு நாள் காலை பதினோரு பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். தியேட்டரைக் கழுவாமல் எப்படி ஆபரேஷன் செய்வது? நாலு கேஸுக்குக் கையெழுத்து வாங்கி வைத்தாயிற்று. சர்ஜன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அன்றைக்கு அந்த வளாகத்தில் அதிகாரம் யாரிடம் இருந்தது, நீயே சொல்.

நானும் இன்னொரு சிஸ்டரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையைத் தேய்க்க ஆரம்பித்தோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்து வந்து, "பினாயிலை இப்படியா ஊத்துவாங்க, குடுங்க" என்று வாளியைப் பிடுங்கினாள். சம்பளம் அந்த வாரமே வந்தது, அதற்கு நடந்த கூத்து தனிக் கதை. நான் சொல்ல வந்தது வேறு. அவளோடு ஆறு வருடம் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அவள் பெயரைக் கேட்டேன்.

நம் தஞ்சாவூரிலேயே குந்தவை தன் அப்பா சுந்தர சோழன் பெயரில் ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, வைத்திருந்தாள். காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 நோயாளிகள் படுக்கிற ஆதுலர் சாலைக்கான கணக்கு அது. மருத்துவருக்கு இவ்வளவு நெல், அறுவை செய்கிறவருக்கு இவ்வளவு என்று போட்டுவிட்டு, மூலிகை கொண்டுவருகிறவர், நோயாளிகளைக் கவனிக்கிற பெண்கள், நாவிதர், தண்ணீர் எடுத்து வருகிறவர் என்று அவரவருக்கும் நெல் அளந்து கல்லில் வெட்டியிருக்கிறார்கள். 11-ஆம் நூற்றாண்டில் தண்ணீர்க்காரரை விடவில்லை. நான் துப்புரவுக்காரியின் பெயரைக் கேட்க ஆறு வருடம் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. புறநோயாளிகள் கூட்டத்தைச் சீராக்க டோக்கன் முறை கொண்டுவந்தேன். ஊரே பாராட்டும் என்று நினைத்தேன். தன் ஆட்களை நேராக உள்ளே விடவில்லை என்று முன்னாள் ஊராட்சித் தலைவர் மேலிடத்துக்குப் புகார் எழுதிவிட்டார். ஊரிலும் 'இந்த டாக்டருக்கு மரியாதை தெரியலை' என்று பேச்சு. நான் செய்தது தப்பா?
- மருத்துவ அலுவலர், திருத்துறைப்பூண்டி பக்கம்

பதில்: டாக்டர் தம்பி, முதலில் ஒரு சுவர் கதையைக் கேளுங்கள். 

நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் தெற்குப் பக்கம் காம்பவுண்டுச் சுவர் எழுப்பினார்கள். ஆடு மாடு நுழைகிறது, ராத்திரி குடித்துவிட்டு வந்து படுக்கிறார்கள். சுவர் அவசியம்தான். அந்த ஊர் ஊராட்சித் தலைவரிடம் சொல்லியாயிற்று. பொதுப்பணித்துறைக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் சொல்லியாயிற்று. மூன்றாம் நாள் விடிந்து பார்த்தால் நாலு வரிசைச் செங்கல் சரிந்து கிடக்கிறது. "போலீசைக் கூப்பிடு" என்று குதித்தார் பெரிய டாக்டர். வாசலில் இட்லி போடுகிற அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "காலனித் தெரு சனம் பஸ்ஸுக்குப் போற வழிம்மா அது. சுவரு வந்தா வாய்க்காலைச் சுத்திக்கிட்டு ஒண்ணரை மைல் போவணும். நடவுக்குப் போற பொம்பளைங்க இருட்டோட அதுலதான் வராங்க."

தலைவர் குடியானத் தெருக்காரர். அந்தப் பாதையில் அவர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. அவர் காதில் போட்டது காலனித் தெருவுக்கு எந்த வழியாகப் போய்ச் சேரும்?

அன்று சாயங்காலம் நானும் கிராம சுகாதார செவிலியரும் அந்தத் தெருவில் போய் உட்கார்ந்தோம். அந்தச் செவிலியருக்கு அங்கே எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி பாக்கி என்பதெல்லாம் மனப்பாடம். அவர் இல்லாமல் நான் மட்டும் போயிருந்தால் திண்ணையில்கூட இடம் கிடைத்திருக்காது. ஒரு மணி நேரம் திட்டு வாங்கினோம். அப்புறம் டீ வந்தது. சுவர் இருக்கட்டும், அதில் ஆள் மட்டும் நுழைகிற மாதிரி ஒரு சின்னத் திட்டிவாசல் வைப்போம் என்று முடிவாயிற்று. காலை ஐந்துக்குத் திறந்து ராத்திரி எட்டுக்குப் பூட்டுவது. சாவி அந்தத் தெருவிலேயே ஒரு பாட்டியிடம் இருக்கும். "அரசாங்கச் சொத்தின் சாவியைத் தெருவில் கொடுப்பதா?" என்று பெரிய டாக்டர் முகம் சுருங்கிப்போனது. நான் அங்கே இருந்த வரைக்கும் அந்தச் சாவி தொலையவில்லை. ராத்திரி பாட்டிலோடு வந்தவர்களை அந்தத் தெருப் பெண்களே விளக்குமாற்றோடு விரட்டியதும் உண்டு.

இப்போது உங்கள் டோக்கனுக்கு வருகிறேன். நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன்: எத்தனை மணிக்குக் கொடுக்கிறீர்கள்? ஏழு மணிக்கு என்றால், பக்கத்து வீட்டுக்காரர் ஆறேமுக்காலுக்கே வந்து வீட்டில் நாலு பேருக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு காபி குடிக்கப் போய்விடுவார். கடைசி ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் இடுப்பில் பிள்ளையோடு வருகிறவளுக்கு அறுபதாம் நம்பர். அவளுக்கு உங்கள் சீர்திருத்தம் எப்படித் தெரியும், சொல்லுங்கள். பஸ் வருகிற நேரத்தைப் பார்த்து டோக்கனை இரண்டு தவணையாகப் பிரியுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, நடக்க முடியாத கிழவர் மூவருக்கும் டோக்கனே வேண்டாம். புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்றைக்கு உங்கள் வராந்தாவில் நிற்க இடம் இருக்காது, அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். இதையெல்லாம் நீங்களாக உட்கார்ந்து யோசிக்காதீர்கள். மருந்து கொடுக்கிற ஜன்னலில் இருக்கிறாரே மருந்தாளுநர், அவரைக் கேளுங்கள். எந்தப் பாட்டி எந்தப் பஸ்ஸில் வருவாள் என்பது அவருக்குத் தெரியும்.

நோட்டீஸ் ஒட்டினேன் என்பீர்கள். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்தால் அன்று ராத்திரியே டி.வி.யில் பார்த்துவிடலாம். உங்கள் ஊர் வாய்க்கால் நனைய எத்தனை நாள் ஆகும் என்று ஊரில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். நோட்டீஸ் போர்டு தலைமடையில் இருக்கிறது, சேதி கடைமடைக்கு வந்து சேர நாளாகும். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடுகிறதே, அங்கே போய்ப் பத்து நிமிடம் நின்று பேசுங்கள். கத்துவார்கள், கத்தட்டும். கத்திவிட்டுப் போகிறவர் மேலிடத்துக்கு எழுதுவது குறைவு.

முன்னாள் தலைவர் விஷயம். பதவி போனவருக்கு மிச்சம் இருப்பதே 'நான் சொன்னால் நடக்கும்' என்கிற பேச்சு ஒன்றுதான். அதை நாலு பேர் எதிரில் பிடுங்கினால் பொறுக்க மாட்டார். மன்னார்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் இந்த மாதிரி ஆட்கள் வந்தால் எழுந்து நிற்பார். "வாங்க, சம்பா எப்படி இருக்கு? கொள்முதல் நிலையத்துல சாக்கு வந்துதா?" என்பார். நாற்காலி போடச் சொல்வார், தண்ணீர் கொடுப்பார். கூட வந்த நோயாளியைத் தானே கூட்டிக்கொண்டு போய் டோக்கன் ஜன்னலில் நிறுத்திவிட்டு வருவார். ஒரு தடவைகூட வரிசையை உடைத்ததில்லை, ஒரு புகாரும் வந்ததில்லை. எழுந்து நிற்பதற்கு என்ன செலவு? உங்களுக்கு வயது முப்பது இருக்குமா? அவருக்கு அறுபது தாண்டியிருக்கும்.

பிறகு அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். சுகாதார நிலையத்துக்கு வருகிற ரோட்டில் விளக்கு எரிகிறதா? குடிநீர்க் குழாய் வருகிறதா? அதற்கெல்லாம் எந்த ஆபீசில் எந்த ஆளைப் பார்க்க வேண்டும் என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நோயாளர் நலச் சங்கக் கூட்டத்தைக் காகிதத்தில் நடத்திக் கையெழுத்து வாங்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நாற்காலி போட்டு நடத்துங்கள். அவரை அழைக்க வழி இருந்தால் அழையுங்கள்.

புகார் போனதைப் பற்றி: இன்றைக்கே வட்டார மருத்துவ அலுவலரிடம் நீங்களாகப் போய் நடந்ததைச் சொல்லுங்கள், உங்கள் தப்பையும் சேர்த்து. அதிகாரிகளுக்குக் கோபம் வருவது பெரும்பாலும் புகாரால் இல்லை. தன் டாக்டரைப் பற்றி வெளியாள் சொல்லித் தெரிந்துகொள்ள நேர்ந்ததால்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஊர் அரசு மருத்துவமனைக்கு ஒரு ஸ்கேன் மெஷின் வாங்கித் தர ஆசைப்படுகிறார்கள். மருத்துவமனையில் பிடிகொடுத்துப் பேசமாட்டேன் என்கிறார்கள். நல்லது செய்ய வந்தால் ஏன் இப்படி?
- வாசகர், கூத்தாநல்லூர்

பதில்: அவர்கள் பயப்படுகிறார்கள் ஐயா. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் என்பது மிக்ஸி இல்லை, கொண்டுவந்து வைத்துச் சொருகுவதற்கு. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்த இடத்தில்தான் அந்த மெஷின் இருக்கலாம், தகுதி பெற்றவர்தான் தொடலாம், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம் எழுத வேண்டும். படிவம் சரியில்லை என்றாலே மெஷினுக்குச் சீல் விழும், டாக்டர் கோர்ட்டுக்கு அலைவார். இதை உங்களிடம் உடைத்துச் சொல்லாமல் மழுப்பினார்களே, அது அவர்கள் தப்பு.

நம் மண்ணில் மருத்துவமனைக்குக் கொடுப்பது புதிது இல்லை. தஞ்சாவூரில் 'ராசா மிராசுதார்' என்று ஆஸ்பத்திரியின் பெயரிலேயே கொடையாளிகள் இருக்கிறார்கள். கொடுக்கிற கையைத் தட்டிவிடக் கூடாது என்பதுதான் என் கட்சி. ஆனால் கொடுப்பவர் ஒன்றை நினைக்கிறார், வாங்குபவருக்கு வேறொன்று வேண்டியிருக்கிறது. ஒரு தடவை எங்களுக்கு விலையுயர்ந்த கட்டில்கள் வந்தன. பொத்தானை அமுக்கினால் தலைப்பக்கம் எழும். ஒரே வருடத்தில் மூன்று பழுது, பார்க்க ஆள் இல்லை. கடைசியில் அதன்மேல் பழைய கேஸ் ஷீட்டுகளை அடுக்கினோம். அதே சமயம் பிரசவ வார்டில் துணைக்கு வந்த அம்மாக்கள் கட்டிலுக்கு அடியில் பாயை விரித்துப் படுத்திருந்தார்கள்.

உங்கள் ஆட்களில் இரண்டு பேர் ஊருக்கு வரும்போது தலைமை மருத்துவர், வார்டு சிஸ்டர், மருந்தாளுநர் மூவரையும் தனித்தனியாகப் பார்த்து 'உங்களுக்கு எது இல்லாமல் தினமும் கஷ்டம்?' என்று கேட்கச் சொல்லுங்கள். மூவரும் ஒரே பதிலைச் சொன்னால் அதை வாங்கிக் கொடுங்கள். வெந்நீர் ஹீட்டர், இன்வெர்ட்டர், துணைக்கு இருப்பவர் படுக்க ஒரு கூடம் என்று வரும் பாருங்கள். ஐந்து வருடத்துக்குப் பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பெயர்ப் பலகை வையுங்கள், தப்பில்லை. கொடுத்த பொருளைவிடப் பலகை பெரிதாக வேண்டாம்.

கேள்வி: தனியார் மருத்துவமனையில் மேலாளராக இருக்கிறேன். அரசுக் காப்பீட்டு அட்டையோடு வருகிறவர்கள், 'கார்டுல அஞ்சு லட்சம் இருக்கே, எதுக்குப் பணம் கேக்கறீங்க' என்று சண்டைக்கு வருகிறார்கள். டாக்டர்கள் என்னைக் கைகாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.
- மேலாளர், கும்பகோணம்

பதில்: அந்த வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. 'கார்டில் 5 லட்சம்' என்றால் பாங்கில் போட்ட பணம் மாதிரிதான் அவர் நினைப்பார். அது குடும்பத்துக்கு ஒரு வருடத்துக்கான உச்ச வரம்பு, அதுவும் பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான், முன் அனுமதி வந்த பிறகுதான் என்று சேர்க்கும்போதே யாராவது உட்கார வைத்துச் சொன்னீர்களா? அனுமதி வந்த சிகிச்சைக்கு மேற்கொண்டு கைநீட்டினால் தப்பு உங்கள் பக்கம், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பட்டியலில் இல்லாததற்குத்தான் பணம் என்றால், அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி முதல் நாளே கையில் கொடுங்கள். மூன்றாம் நாள் சொன்னால் நிஜம்கூடப் பொய் மாதிரிதான் இருக்கும்.

அடுத்து, அந்தக் குடும்பத்தில் யாரிடம் பேசுகிறீர்கள்? கத்துகிறவரிடம். கத்துகிறவர் பெரும்பாலும் முடிவெடுக்கிறவர் இல்லை. சித்தப்பா மகனாக இருப்பார், ஊரிலிருந்து இப்போதுதான் பைக்கில் வந்திருப்பார். மூலையில் வாய் திறக்காமல் ஒரு தாய்மாமன் உட்கார்ந்திருப்பார், கையில் மஞ்சப்பை. நகையை அடகு வைத்த பணம் அதில்தான் இருக்கும். அவரிடம் போய் உட்காருங்கள்.

டாக்டர்கள் கைகாட்டுவது பற்றி. திருச்சியிலிருந்து வருகிற சர்ஜன் ஆபரேஷன் முடிந்ததும் காரில் ஏறிவிடுவார், புரிகிறது. ஆனால் ஏறுவதற்கு முன் ஐந்து நிமிடம் உறவினர்களைப் பார்த்துவிட்டுப் போவது உங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். நோயாளி இறந்துபோனால் முதலில் போய்ச் சொல்வது வைத்தியம் பார்த்த டாக்டராக இருக்கட்டும். அந்த நேரத்தில் பில்லோடு யாரும் எதிரில் வரக் கூடாது. மருத்துவமனையைத் தாக்கினால் ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தை வாசலில் பலகையாக மாட்டியிருப்பீர்கள். மாட்டுங்கள். மகனைப் பறிகொடுத்தவன் பலகை படிப்பானா?

கேள்வி: மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக இருக்கிறேன். டாக்டர்களோடு நல்லுறவு வளர்ப்பது எப்படி? முன்பு போலப் பரிசு கொடுக்க விடமாட்டேன் என்கிறார்கள்.
- வாசகர், மயிலாடுதுறை

பதில்: 2024-இல் மத்திய அரசே பரிசு கூடாது என்று விதிமுறை போட்டுவிட்டது, நல்லது. ஓ.பி. நேரத்தில் நோயாளியைத் தாண்டி உள்ளே போகாதீர்கள். உங்கள் மருந்தின் பக்கவிளைவைக் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். வேறு வழி எனக்குத் தெரியாது.

கேள்வி: வணக்கம் அம்மா. என் அப்பாவுக்கு மூளையில் ரத்தக்கட்டு என்று அரசு மருத்துவமனையில் சேர்த்து ஒன்பது நாளாகிறது. டாக்டர் ரவுண்ட்ஸில் இரண்டு நிமிடம்தான் நிற்கிறார். யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. நர்ஸுகள் எரிந்து விழுகிறார்கள். அப்பாவுக்கு வாய்வழியாகக் கஞ்சி கொடுக்கலாமா?
- மகள், நாகப்பட்டினம்

பதில்: எரிந்து விழுகிறவர்களில் நானும் ஒருத்தியாக இருந்திருக்கிறேன் கண்ணு. நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேர், ஒவ்வொரு கட்டிலுக்கும் மூன்று சொந்தக்காரர்கள், மூவரும் வெவ்வேறு நேரத்தில் வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள். எட்டாவது ஆளிடம் குரல் உயர்ந்துவிடும். அது நியாயம் என்று சொல்லவில்லை.

நீ செய்யக்கூடியது இது. உங்கள் வீட்டில் பேசுவதற்கு ஓர் ஆள் என்று முடிவு செய்யுங்கள், நீயே இரு. ராத்திரி ஒரு தாளில் மூன்று கேள்வி எழுதி வை, மூன்றுக்கு மேல் வேண்டாம். ரவுண்ட்ஸ் வரும்போது அப்பாவின் தலைமாட்டில் நின்று தாளைப் பார்த்தே கேள். எழுதி வைத்துக் கேட்கிறவர்களுக்கு டாக்டர் நிற்பார். பயிற்சி டாக்டர்கள் கூட வருவார்கள், அவர்களில் ஒருவர் மதியம் திரும்ப வருவார். அவரிடம் விவரமாகக் கேட்கலாம். டியூட்டி மாறுகிற நேரத்தில் மட்டும் சிஸ்டரிடம் போகாதே. கணக்கு ஒப்படைக்கிற பரபரப்பில் யாருக்கும் காது கேட்காது.

கஞ்சி பற்றி: நான் இங்கிருந்து சொல்லக் கூடாது. மூளையில் ரத்தம் கட்டிப் பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவது சரியாக இல்லாவிட்டால் கஞ்சி நுரையீரலுக்குப் போய்விடும். மூக்கில் குழாய் இருந்தால் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாதே. யார் சொன்னாலும், உன் அத்தை சொன்னாலும். 'விழுங்குகிறாரா என்று பார்த்தாயிற்றா?' என்று நாளைக்குக் கேள். அதை முதல் கேள்வியாக எழுதிக்கொள்.